மூலமும் உரையும்: விசுவநாதன் ஆனந்த் நூல்களின் வகைமை

1. பாயிரம்

ஒரு சதுரங்க வீரர் தாமே எழுதிய நூல்களையும் அவரைப் பற்றிப் பிறர் எழுதிய நூல்களையும் எவ்வாறு வகுப்பது, எந்த வரிசையில் படிப்பது, ஒன்று சொல்வதை மற்றொன்று மறுக்கும்போது எதை நம்புவது? இம்மூன்று வினாக்களே இக்கட்டுரையின் பொருள். எடுத்துக்கொண்ட வீரர் விசுவநாதன் ஆனந்த். 1969 டிசம்பர் 11 அன்று மயிலாடுதுறையில் பிறந்தவர். 1987இல் உலக இளையோர் பட்டம் வென்று, 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். 2000, 2007, 2008, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையர் பட்டத்தை வென்றவர். அவருடைய ஆட்டத் திறனை அளப்பது நம் வேலையன்று. அத்திறன் ஏட்டில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதை மட்டுமே ஆராய்கிறோம்.

இந்த ஆய்வைத் திருவண்ணாமலையில் இருந்து செய்ய நேர்ந்தது தற்செயல்தான் என்றாலும், வகைப்பாட்டுக்கான முதல் துப்பு இவ்வூரிலிருந்தே கிடைத்தது. அண்ணாமலையார் கோயிலுக்குள் நுழைபவருக்கு வல்லாள கோபுரத்தைக் காட்டி, அருணகிரிநாதர் அதிலிருந்து குதித்ததையும் முருகன் தாங்கிக்கொண்டதையும் சொல்வார்கள். இன்னும் உள்ளே போனால் கிளிக் கோபுரம். அவர் கிளியுருவாய் அமர்ந்தது அங்கே என்பார்கள். இவை அவரைப் பற்றியவை. திருப்புகழ் அவர் பாடியது. கோபுரக் கதையைக் கேட்டவர் எல்லாரும் திருப்புகழின் சந்தத்தில் நின்றதில்லை. திருப்புகழில் தோய்ந்தவருக்குக் கோபுரக் கதை இல்லாமலும் ஓடும்.

ரமணர் விஷயத்தில் இந்தப் பிரிவு இன்னும் நுட்பமாகிறது. உள்ளது நாற்பது, அருணாசல அட்சரமணமாலை போன்றவை அவரே இயற்றியவை. உபதேச உந்தியார் முருகனார் வேண்டியதால் பிறந்த 30 பாடல்கள். எழுதியவர் ஒருவர், எழுதத் தூண்டியவர் மற்றொருவர். முனகால வேங்கடராமையா 1935 முதல் 1939 வரை குறித்து வைத்த உரையாடல்கள், தேவராஜ முதலியாரின் நாட்குறிப்பு, சூரி நாகம்மா தெலுங்கில் எழுதிய கடிதங்கள் ஆகியவை உடனிருந்தோர் பதிவுகள். நரசிம்ம சுவாமி 1931இல் வெளியிட்ட வரலாறு வெளியிலிருந்து வந்து, கேட்டறிந்து தொகுத்தது. ஒரே மனிதரைச் சுற்றி நான்கு விதமான எழுத்து. நான்குக்கும் நம்பகத்தின் அளவு வேறு. ஆசிரம நூல்நிலையத்தில் பழகியவர்கள் இதைப் பெயர் சூட்டாமலே அறிவார்கள். நாம் பெயர் சூட்ட முயல்கிறோம்.

2. மூலம்

உரை என்றால் அது எதற்கு உரை என்ற கேள்வி உடனே எழும். ஆகவே முதலில் மூலத்தை வரையறுப்போம்.

மூலம் என்பது ஆடி முடிந்த ஓர் ஆட்டத்தின் நகர்வுப் பதிவு. போட்டியில் ஆடுவோர் இருவரும் தத்தம் தாளில் ஒவ்வொரு நகர்வையும் குறித்தாக வேண்டும். ஆட்டம் முடிந்ததும் இருவரும் கையெழுத்திடுவர். இலக்கியத்தில் பாடபேதம் என்று ஓயாமல் வழக்காடுகிறோமே, அந்தத் தொல்லை இங்கு அநேகமாக இல்லை. உ.வே.சா. ஏடு தேடி அலைந்த அலைச்சலில் நூற்றில் ஒரு பங்கும் சதுரங்க ஆய்வாளனுக்கு விதிக்கப்படவில்லை.

குறிமுறை பற்றி ஒரு சொல். பலகையின் நெடுவரிசை எட்டையும் ஏ முதல் எச் வரையிலான எழுத்துகளாலும், கிடைவரிசை எட்டையும் 1 முதல் 8 வரையிலான எண்களாலும் குறிப்பது உலக வழக்கு. அதையே இங்கு டி7, இ5 எனத் தமிழெழுத்தில் எழுதுகிறோம். காய்களில் ராஜா, ராணி, யானை, குதிரை, சிப்பாய் ஆகியவற்றுக்கு விளக்கம் தேவையில்லை. மூலைவிட்டமாகச் செல்லும் காயைச் சிலர் மந்திரி என்பர். பழைய இந்திய ஆட்டத்தில் மந்திரி நின்றது ராஜாவின் பக்கத்தில், இன்று ராணி நிற்கும் கட்டத்தில். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, ஆடுவோர் வாயில் வழங்கும் பிஷப் என்ற சொல்லையே கொள்கிறோம்.

மூலம் தன்னளவில் எவ்வளவு பேசும், எங்கே ஊமையாகும் என்பதை ஓர் ஆட்டத்தை அருகில் வைத்துக் காண்போம். 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ ஊரில் லெவோன் அரோனியன் வெள்ளையிலும் ஆனந்த் கறுப்பிலும் ஆடியது. மொத்தம் 23 நகர்வுகள். இதை நாம் ஒரு பழைய மரப்பலகையில் அடுக்கிப் பார்த்தோம். வெள்ளைச் சிப்பாய் ஒன்று தொலைந்து போனதால் அதனிடத்தில் ஒரு புளியங்கொட்டை.

வெள்ளையின் 16ஆம் நகர்வுக்குப் பின் நிலை இது. வெள்ளைக் குதிரை எச்7இல் நுழைந்து, எஃப்8இல் உள்ள கறுப்பு யானையைக் குறிவைக்கிறது. சி5இல் உள்ள கறுப்பு பிஷப்பை டி4 சிப்பாய் வெட்டலாம். ஜி4இல் உள்ள கறுப்புக் குதிரையை இ2 பிஷப் வெட்டலாம். ஆக, மூன்று கறுப்புக் காய்கள் எதிரியின் வாயில். ஆனந்த் அவற்றில் ஒன்றையும் காப்பாற்றவில்லை. டி7இல் பத்திரமாக இருந்த மற்றொரு குதிரையை எடுத்து, இரண்டு வெள்ளைச் சிப்பாய்கள் வெட்டக்கூடிய இ5இல் வைத்தார். இப்போது வாயில் இருப்பவை நான்கு.

வெட்டினால் என்ன? எஃப்4 சிப்பாய் இ5 குதிரையை வெட்டட்டும். டி கோடு திறந்துவிட்டதால் கறுப்பு ராணி நேரே இறங்கி டி4 சிப்பாயை வெட்டி செக் வைக்கிறது. வெள்ளை ராஜா எச்1 மூலைக்கு ஒதுங்குகிறது. கறுப்பு ராணி ஜி1க்கு, ராஜாவின் மடியிலேயே போய் அமர்கிறது. சி5 பிஷப்பின் பாதுகாப்பு இருப்பதால் ராஜாவால் ராணியைத் தொட முடியாது. யானைதான் வெட்டியாக வேண்டும். யானை ஜி1க்கு வந்ததும் ராஜாவுக்கு இருந்த ஒரே மூச்சுவழியும் அடைபடுகிறது. ஜி4 குதிரை எஃப்2க்குத் தாவினால் மேட். தன் காய்களுக்கு நடுவே தானே மூச்சுமுட்டிச் சாகும் ராஜா.

அரோனியன் இதில் விழவில்லை. வேறு வழியில் போய் 23ஆம் நகர்வில் விலகினார். கவனிக்க வேண்டியது என்னவெனில், மேலே நாம் விவரித்த மேட் மூலத்தில் இல்லை. அது ஆடப்படவே இல்லை. பதிவுத் தாளில் இருப்பது குதிரை இ5க்குப் போனது என்ற ஒற்றைக் குறி மட்டுமே. அந்தக் குறியின் அழகு முழுவதும் நடக்காத நகர்வுகளில் இருக்கிறது. நடக்காததைச் சொல்வது எதுவோ அதுவே உரை. சதுரங்கத்தில் உரையின் தேவை செய்யுளில் உள்ளதைவிட ஒரு படி கூடுதல் என்று நாம் கருதுவதற்குக் காரணம் இதுதான்: செய்யுளில் பொருள் சொல்லுக்குள் மறைந்து கிடக்கும், ஆட்டத்தில் பொருள் பெரும்பாலும் வெளியே, கைவிடப்பட்ட வழிகளில் கிடக்கும்.

3. உரை மூவகை

நன்னூலார் நூலை முதல், வழி, சார்பு என மூன்றாக்கினார். உரையில் காண்டிகை, விருத்தி எனப் பிரிவு கண்டார். கருத்தும் பதப்பொருளும் எடுத்துக்காட்டும் தந்து, வினா விடையோடு சுருங்க முடிவது காண்டிகை. அவ்விடத்துக்கு இன்றியமையாதவை அனைத்தையும் பிற நூல்களிலிருந்தும் கொணர்ந்து விரிப்பது விருத்தி. இது அளவு பற்றிய பிரிவு. ஆனந்த் நூல்களுக்கு இதனோடு, உரைப்பவர் எங்கே நின்று உரைக்கிறார் என்ற இடம் பற்றிய பிரிவும் வேண்டும். அதன்படி மூவகை கொள்கிறோம்.

தன்னுரை: ஆடியவரே தம் ஆட்டத்துக்குச் செய்யும் உரை. 
உடனுரை: களத்திற்குப் பின்னால் இருந்த பாசறையை நேரில் அறிந்தோ, பாசறையின் ஏடுகளைக் கையில் கொண்டோ செய்யப்படும் உரை. 
புறவுரை: வெளியிலிருந்து கண்டும் கேட்டும் எழுதப்படுவது.

இவற்றுக்கு அப்பால் நினைவுநூல் ஒன்று நிற்கிறது. அது ஆட்டத்துக்கு உரையன்று, ஆடியவருக்கு உரை. அதைத் தனியே காண்போம்.

4. தன்னுரை

தமிழில் தம் நூலுக்குத் தாமே உரை செய்தோர் சிலரே. இலக்கண விளக்கம் இயற்றிய வைத்தியநாத தேசிகரும் இலக்கணக் கொத்து இயற்றிய சுவாமிநாத தேசிகரும் உடனே நினைவுக்கு வருவர். தன்னுரையின் வலிமை, இது ஏன் இப்படி என்ற கேள்விக்குச் செய்தவனே விடை சொல்வது. அதன் ஆபத்தும் அதுவே. செய்தபின் தோன்றிய காரணத்தைச் செய்யும்போதே இருந்ததாக மனம் சாதிக்கும்.

ஆனந்தின் தன்னுரை ‘மை பெஸ்ட் கேம்ஸ் ஆஃப் செஸ்’. இங்கிலாந்தின் கிராண்ட்மாஸ்டரும் கணித அறிஞருமான ஜான் நன் துணையோடு 1998இல் வெளிவந்து, அவ்வாண்டு பிரிட்டிஷ் சதுரங்கக் கூட்டமைப்பின் சிறந்த நூல் விருதைப் பெற்றது. 2001இல் ஆட்டங்கள் சேர்க்கப்பட்டு விரிந்த பதிப்பு வந்தது. தம் சிறந்த ஆட்டங்களைத் தாமே தேர்ந்து உரை வகுப்பது சதுரங்க உலகில் ஒரு தனி மரபு. பாபி ஃபிஷர் 1969இல் 60 ஆட்டங்களோடு வெளியிட்ட தொகுப்பு அம்மரபின் மலைமுகடு. ஃபிஷர் தாம் தோற்ற ஆட்டங்களையும் அதில் சேர்த்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இந்நூலில் நமக்கு முதன்மையாகத் தோன்றுவது உரையின் நடை. ஆனந்த் இளமையில் பெயர் பெற்றது வேகத்தால். எதிராளி மணிக்கணக்கில் யோசிக்கும் இடத்தில் அவர் சில நிமிடங்களில் காயை நகர்த்திவிட்டு எழுந்து உலவுவார். அப்படி ஆடுபவர் உரை எழுதும்போது இக்கட்டு எழுகிறது. கணக்கிட்டு வந்த முடிவுக்குக் கணக்கைக் காட்டலாம். கண்டவுடன் வந்த முடிவுக்கு எதைக் காட்டுவது? நல்ல இடங்களில் அவர் இதை மறைக்கவில்லை. முதலில் ஒரு நகர்வு இயல்பாகக் கைக்கு வந்தது என்பதையும் அதற்கான நியாயம் பிறகு கிடைத்தது என்பதையும் பிரித்தே வைக்கிறார். நாம் மேலே சொன்ன ஆபத்துக்கு இதுவே மாற்று. வழிகளின் கிளைகளைச் சரிபார்ப்பதில் நன்னின் கணிதக் கண் உதவியிருக்கும் என்று எண்ண இடமுண்டு. அவர் தம் சொந்த நூல்களிலும் அந்தக் கறாருக்குப் பெயர் பெற்றவர்.

காண்டிகையா, விருத்தியா என்று கேட்டால், நூல் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. தொடக்க நகர்வுகளில் காண்டிகை. ஆட்டம் கொதிக்கும் இடத்தில் விருத்தி. இது குறையன்று. எல்லாச் சூத்திரத்துக்கும் ஒரே நீளத்தில் உரை எழுதுபவன் எதையும் புரிந்துகொள்ளவில்லை என்றே பொருள்.

5. உடனுரை

உலகப் பட்டப் போட்டியில் பலகைக்கு முன் ஒருவர் அமர்கிறார். அவருக்குப் பின்னால் மாதக்கணக்கில் உழைத்த ஒரு குழு இருக்கிறது. அக்குழுவினரை ஆங்கிலத்தில் செகண்ட் என்பார்கள். நாம் பாசறைத் துணைவர் என்று ஆள்கிறோம். பாசறைத் துணைவர் என்பவர், போட்டிக்கு முன்னும் போட்டியின் இரவுகளிலும் தொடக்க நகர்வு வரிசைகளை ஆராய்ந்து வீரருக்கு ஒப்படைக்கும் வல்லுநர். அவர் பெயர் மூலத்தில் வராது.

இவ்வகையில் முதல் நூல் பேட்ரிக் உல்ஃப் 1996இல் வெளியிட்டது. 1995இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107ஆம் மாடியில் காஸ்பரோவுடன் ஆனந்த் மோதியபோது உல்ஃப் ஆனந்தின் பாசறைத் துணைவர். முதல் 8 ஆட்டங்கள் சமன். 9ஆம் ஆட்டத்தை ஆனந்த் வென்றார். 10ஆம் ஆட்டத்தில் காஸ்பரோவ் வீட்டிலேயே தயாரித்து வந்த யானைத் தியாகத்தால் பதிலடி கொடுத்தார். அதன்பின் போட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து 10½–7½ என முடிந்தது. தோற்ற பாசறையிலிருந்து எழுதப்பட்ட நூல் என்பதே உல்ஃப் நூலின் அருமை. வென்றவர் பக்கத்து வரலாறு எங்கும் கிடைக்கும். பறந்தலையில் தோற்றவன் பாசறையில் அன்றிரவு என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எழுத ஆள் கிடைப்பது அரிது.

இரண்டாவது, இவ்வகையின் பேருரை: மிகில் ஆபெல்ன் எழுதி 2019இல் குவாலிட்டி செஸ் வெளியிட்ட ‘தி ஆனந்த் ஃபைல்ஸ்’. 2008 பான், 2010 சோஃபியா, 2012 மாஸ்கோ ஆகிய மூன்று பட்டப் போட்டிகளே பொருள். ஆபெல்ன் பாசறையில் இருந்தவர் அல்லர். ஆயினும் பாசறையின் ஏடுகளும் துணைவர்களின் வாய்மொழியும் அவருக்குத் திறந்துவிடப்பட்டன. நம் வரையறையில் ‘ஏடுகளைக் கையில் கொண்டோ’ என்று சேர்த்ததே இந்நூலை முன்னிட்டு.

துணைவர் நால்வர்: டென்மார்க்கின் பீட்டர் ஹெய்ன நீல்சன், உஸ்பெகிஸ்தானின் ருஸ்தம் காசிம்ஜானோவ், போலந்தின் ராடோஸ்லாவ் வொய்டாஷெக், கொல்கத்தாவின் சூர்ய சேகர் கங்குலி. 2008இல் கிராம்னிக்கை எதிர்கொள்ளுமுன் ஆனந்த் ஒரு துணிந்த முடிவு எடுத்தார். வாழ்நாள் முழுதும் ராஜாவின் சிப்பாயை முன்தள்ளித் தொடங்கியவர், இப்போட்டியில் ராணியின் சிப்பாய்க்கு மாறினார். கறுப்பிலோ 3ஆம், 5ஆம் ஆட்டங்களில் ஒரே கூரிய தயாரிப்பால் இருமுறை வென்றார். 6ஆம் ஆட்டத்தை வெள்ளையில் வென்றபோது கிராம்னிக் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தார். முடிவு 6½–4½.

இதைத் தனியாள் மேதைமையின் வெற்றி என்று பார்த்துப் பழகிய வாசகருக்கு ‘ஆனந்த் ஃபைல்ஸ்’ ஓர் அதிர்ச்சி. எந்த நகர்வு எந்தத் துணைவரின் எந்த இரவில் பிறந்தது, எத்தனை வழிகள் ஆராய்ந்து கைவிடப்பட்டன, ஆடப்படாமலே போன தயாரிப்புகள் எவ்வளவு என்பதெல்லாம் தெரியவரும்போது, மூலத்தின் ஆசிரியர் யார் என்ற கேள்வியே அசைகிறது. கம்பராமாயணத்தில் மிகைப்பாடல் பிரிப்பது போல் இங்கே நகர்வுக்கு நகர்வு ஆசிரியரைப் பிரிக்கலாமா? முடியாது என்பதே நம் துணிபு. தயாரிப்பு என்பது பலர் நட்டுத் தண்ணீர் ஊற்றிய செடி. பலகை முன் அதை நினைவில் எடுத்து, சரியான கணத்தில் ஆடி, தோற்றால் தோல்வியைச் சுமப்பவர் ஒருவர். நாம் முன்பு பார்த்த அரோனியன் ஆட்டத்தின் குதிரைப் பாய்ச்சலும் 2012இல் கெல்ஃபாண்டுடனான போட்டிக்கான தயாரிப்பில் உருவானதென்று ஆனந்த் அப்போதே ஒளிக்காமல் சொன்னார். அதனால் அதன் அழகு குறைந்ததாக எவரும் கருதவில்லை.

6. நினைவுநூல்

2019 டிசம்பரில் ஹாஷெட் இந்தியா வெளியிட்ட ‘மைண்ட் மாஸ்டர்’, சூசன் நைனன் என்ற விளையாட்டுச் செய்தியாளருடன் சேர்ந்து ஆனந்த் எழுதியது. வாழ்வின் வழியே வெற்றிப் பாடங்கள் என்ற பொருள்பட ஒரு துணைத்தலைப்பு உண்டு. அத்துணைத்தலைப்பு சந்தைக்காக வைத்தது என்பது நம் அபிப்பிராயம். நிறுவன மேலாளர்கள் வாங்கிப் படிப்பார்கள் என்ற கணக்கு அதில் தெரிகிறது. நூலின் உயிர் பாடங்களில் இல்லை; தோல்விகளில் இருக்கிறது. குறிப்பாக 2013 நவம்பரில் சென்னையில், சொந்த ஊர் மக்கள் முன், மேக்னஸ் கார்ல்சனிடம் 10 ஆட்டங்களில் 6½–3½ எனப் பட்டத்தை இழந்த பகுதி. அடுத்த ஆண்டே தகுதிப் போட்டியை வென்று மீண்டும் கார்ல்சனைச் சந்திக்கச் சோச்சிக்குப் போனதும், 48 வயதில் ரியாத்தில் 2017 உலக அதிவேகப் பட்டத்தை வென்றதும் அதன் பின்னணியில்தான் பொருள் கொள்கின்றன.

நினைவுநூலின் சிறப்பான பயனை 2010 சோஃபியா போட்டியைக் கொண்டு காட்டலாம். 1ஆம் ஆட்டம். ஆனந்த் கறுப்பு, எதிரே டோபலோவ். 23ஆம் நகர்வில் ஆனந்த் ராஜாவை எஃப்7க்கு நகர்த்துகிறார். டோபலோவ் எஃப்6இல் குதிரையைத் தியாகம் செய்கிறார். 30ஆம் நகர்வில் முடிந்துவிடுகிறது. மூலம் சொல்வது இவ்வளவே. 

உடனுரை அடுத்த படலத்தைத் திறக்கிறது: இந்த நிலை பாசறையில் முன்பே ஆராயப்பட்டது, ஆனந்த் வரிசையை மறந்து நகர்வை மாற்றிவிட்டார். அறியாமையால் வந்த பிழையன்று. அறிந்ததை மறந்த பிழை. 

ஏன் மறந்தார்? அப்போதுதான் ஐஸ்லாந்து எரிமலை குமுறி ஐரோப்பாவின் வான்வழியை மூடியிருந்தது. ஆனந்த் ஃபிராங்க்ஃபர்ட்டில் சிக்கிக்கொண்டு, சுமார் 40 மணி நேரம் தரைவழியே வண்டியில் சோஃபியா வந்து சேர்ந்தார். மூன்று நாள் தள்ளிவைக்கக் கேட்டதற்கு ஒரு நாள் மட்டுமே கிடைத்தது. பயணக் களைப்புதான் மறதிக்குக் காரணம் என்று நாம் தீர்ப்பளிக்கவில்லை. மறுநாளே 2ஆம் ஆட்டத்தை அதே உடம்போடுதான் வென்றார். ஆனால் அந்த ராஜா நகர்வுக்கு முழு உரை எழுத முனைபவர், பலகையை மட்டும் பார்த்து எழுதிவிட முடியாது. எரிமலைச் சாம்பலும் உரைக்குள் வந்தாக வேண்டும். விருத்தி என்று நன்னூலார் சொன்னதன் நியாயம் இங்கே விளங்குகிறது.

அதே சூசன் நைனனுடன் சிறுவர்க்கென எழுதிய ‘லைட்னிங் கிட்’ 64 பாடங்களாக அமைந்தது. பலகையின் கட்டங்கள் 64 அல்லவா. அது நம் ஆய்வெல்லைக்குள் அடங்காது என்றாலும், வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருப்போர் முதலில் வாங்க வேண்டியது அதுதான்.

7. புறவுரை

டேவிட் நார்வுட் 1995இல் எழுதிய அறிமுக நூல் இவ்வகை. ஆனந்த் இன்னும் பட்டம் வெல்லாத காலத்தில், இவர் வெல்லக்கூடும் என்ற எதிர்பார்ப்பில் எழுதப்பட்டது. எதிர்பார்ப்பு பலித்துவிட்டதால் இன்று அதைப் படிப்பவருக்கு ஒரு விசித்திர இன்பம் உண்டு. அதைத் தாண்டிப் பெரிய பயன் இல்லை.

மானுவல் ஆரோன், விஜய் பண்டிட் இருவரும் இணைந்து எழுதிய இந்தியச் சதுரங்க வரலாறு வேறு தரத்தது. கி.பி. 570 முதல் 2010 வரை என்று அதன் தலைப்பே எல்லை கட்டுகிறது. ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். 9 முறை தேசிய வாகையர். சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய மிகயில் டால் சதுரங்கக் கழகத்தோடு அவர் பெயர் பிரியாதது. சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகியதும் அங்கேதான். ஆகவே ஆரோன் ஆனந்தைப் பற்றி எழுதும்போது அது வெறும் புறவுரையாக நிற்பதில்லை. ஒரே முற்றத்தில் நின்ற மூத்தவரின் சாட்சி அதில் கலந்திருக்கிறது. நம் மூவகைப் பிரிவின் எல்லைக்கோடு இங்கே சற்று அழிகிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

புறவுரைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு நிகழ்ச்சி, ஆனந்தே பலமுறை சொன்னது, நூல்களைப் பற்றியது என்பதால் இங்கே தருகிறோம். தந்தையின் ரயில்வே பணி நிமித்தம் குடும்பம் மணிலாவில் இருந்தது. அங்கே தொலைக்காட்சியில் பகல் நேரத்தில் சதுரங்க நிகழ்ச்சி ஒன்று வரும். இறுதியில் ஒரு புதிர். பையன் பள்ளியில் இருப்பான். ஆறு வயதில் அவனுக்கு ஆட்டம் கற்றுத்தந்த அம்மா சுசீலா, நிகழ்ச்சியைப் பார்த்துப் புதிரைக் குறித்து வைப்பார். மாலையில் இருவரும் தீர்த்து அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். வாரம் தவறாமல் இவனே வென்றதால், நிலையத்தார் ஒருநாள் கூப்பிட்டு, வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். பின்னாளில் நூலாசிரியரானவரின் நூலகம் இப்படித் தொடங்கியது.

8. மாறுபடக் காரணங்கள்

ஒரே ஆட்டத்தைப் பற்றி இந்நூல்கள் வெவ்வேறாகச் சொல்வதற்குக் காரணம் மூன்று.

முதலாவது மறைப்பு. இதுவே பெரிது. ஆடிக்கொண்டிருக்கும் வீரர் தம் தயாரிப்பை வெளியிட முடியாது. அடுத்த எதிராளி படித்துவிடுவார். எனவே 1998இல் ஆனந்த் எழுதிய தன்னுரை எவ்வளவு நேர்மையானதாயினும், அன்றும் அவர் பயன்படுத்திவந்த ஆயுதங்களைப் பற்றி அளந்தே பேசியிருப்பார். 2010 சோஃபியா போட்டி முடிந்தபிறகே, காஸ்பரோவும் கார்ல்சனும் கிராம்னிக்கும் தமக்கு உதவியதை ஆனந்த் வெளியிட்டார். ஒருவர் 15 ஆண்டுகளுக்கு முன் தம்மை வீழ்த்தியவர். ஒருவர் இரண்டாண்டு முன் தம்மிடம் வீழ்ந்தவர். மற்றவர் மூன்றாண்டு கழித்துத் தம் பட்டத்தைப் பறிக்கப்போகிறவர். போட்டியின்போதே ஓர் உரை எழுதப்பட்டிருந்தால் இவ்வுண்மை அதில் இருந்திருக்காது. ‘ஆனந்த் ஃபைல்ஸ்’ 2019இல் வர முடிந்ததற்கும், அந்தத் தயாரிப்புகளின் போர்ப்பயன் அதற்குள் தீர்ந்துவிட்டது என்பதே காரணம்.

இரண்டாவது கணினி. 1998இன் உரைகளை இன்றைய கணினி நொடியில் திருத்தும். ஆயினும் மனிதர் அன்று எதைக் கண்டார், எதைக் காணவில்லை என்பதே உரையின் செய்தி என்பதால், திருத்தம் உரையைப் பழுதாக்காது.

மூன்றாவது வாசகர். மேலாளருக்கு எழுதிய நூலில் ஆட்டக்குறி குறையும். ஆட்டக்காரருக்கு எழுதிய நூலில் அழுகை குறையும்.

9. படிக்கும் முறை

ஆட்டம் தெரிந்தவர் முதலில் மூலத்தை உரையில்லாமல் பலகையில் அடுக்க வேண்டும். தமக்குப் புரியாத நகர்வுகளைத் தாளில் குறித்துக்கொண்டு, பிறகே தன்னுரைக்குப் போக வேண்டும், அடுத்து உடனுரை, இறுதியில் நினைவுநூல். ஆட்டம் தெரியாதவர் வரிசையைத் தலைகீழாக்கி ‘மைண்ட் மாஸ்டர்’ தொடங்கி மேலேறலாம். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர் எந்த லிங்கத்தில் தொடங்கினாலும் மலையைத்தான் சுற்றுகிறார் என்று இங்கே சமாதானம் சொல்வார்கள். நூல் விஷயத்தில் அது முழு உண்மையன்று: நினைவுநூலோடு நிறுத்திக்கொள்பவர் கோபுரக் கதையோடு திரும்பிப் போனவரே.

நிலைக்கும் நூல் எது என்று கேட்டால், நம் தீர்ப்பு 2001இன் விரிந்த பதிப்புக்கே. அறிவுப் பொருளால் ‘ஆனந்த் ஃபைல்ஸ்’ அதைவிடக் கனமானது. ஆனால் ஒரு மனம் தன் வேலையைத் தானே பார்த்துச் சொல்லும் குரல் முன்னதில்தான் கேட்கிறது.

ஆட்டமும் தமிழ் உரைமரபும் ஒருசேரத் தெரிந்தவர்களிடம் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அரோனியன் ஆட்டம் 23 நகர்வுதான். இ5இல் வந்து நின்ற அந்தக் குதிரைக்குக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என ஐந்தும் அமைந்த ஒரு காண்டிகையைத் தமிழில் எழுதித் தாருங்கள். விருத்திக்குப் பிறகு வருவோம்.